கூடமே கோணலாக இருந்தால்...?



‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று ஒரு பழமொழி உண்டல்லவா? என் பாட்டி இதை நாளைக்கு நாலு தடவையாவது சொல்லுவாள். கோலம் இழுத்துக்கொண்டு போனால் இது. முறுக்கு உடைந்தால் இது. ரவிக்கைத் தையல் பிரிந்தால் இதுவேதான். கேட்டுக் கேட்டு, எது சரியாக வராவிட்டாலும் தப்பு நம்முடையதுதான் என்று மனசில் ஊறிப் போய்விட்டது. ஐம்பத்திரண்டு வயதில், அதுவும் ஒரு கோல்ஃப் மைதானத்தில், முதல் தடவையாக எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால்?

சிரிக்காதீர்கள். கோல்ஃபும் நானும் சேர்ந்த கதை ரொம்பச் சாதாரணமானது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. “மாத்திரை இப்போ வேண்டாம்மா. தினமும் நடங்க” என்றார் டாக்டர். நானும் எங்கள் காலனிப் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பத்து நாளில் செக்கு மாட்டுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கோயமுத்தூரில் பம்பு செட்டுப் பட்டறை வைத்திருந்தவர். இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோல்ஃப் ஆடப் போவார். “என்கூட வந்து பாரேன். பதினெட்டு குழி முடிக்கிறதுக்குள்ள எட்டு கிலோமீட்டருக்குக் குறையாம நடந்திருப்பே. நடக்கறதே தெரியாது” என்றார். சும்மா கூட நடப்பானேன், நாமும் ஆடலாமே என்று எனக்கு ஆசை வந்தது. மாடிப் பரணிலிருந்து தன் பழைய மட்டைகளை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார்.

ட்ரைவர் என்றால் கார் ஓட்டுகிறவர் அல்ல!

ஆட்டக்காரர் ஒருவர் பையில் பதினாலு மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். அவற்றில் மிக நீளமானது, தலை பெருத்தது, முதல் அடி அடிக்கிறது, அதற்குத்தான் ட்ரைவர் என்று பெயர். தரையில் குத்திய சின்னக் குச்சியின் மேல் பந்தை வைத்து, இதனால் ஓங்கி அடிக்க வேண்டும். பந்து எலுமிச்சம்பழ அளவுதான். எடை 46 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி.

அடித்தேன். பந்து எழும்பவே இல்லை! புல்லை உரசிக்கொண்டு கோலிக்குண்டு மாதிரி ஓடி, எண்பது தொண்ணூறு கஜத்தில் படுத்துக்கொண்டது. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, மூணு மாசம்! “தலையைத் தூக்காதே”, “கையை மடக்காதே”, “இன்னும் வேகமா” என்று அவரும் சொல்லிப் பார்த்தார். பந்து எழும்ப வேண்டுமே என்று நான் உடம்பைப் பின்னால் வளைத்து, அதை அள்ளித் தூக்கப் பார்த்தேன். பந்து தூக்கவில்லை. என் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் குனிந்து அடுப்படியில் ஒரு பாத்திரம் எடுக்க முடியவில்லை.

“இந்த வயசில் எதுக்கடி உனக்கு இது?” என்று என் நாத்தனார் கேட்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆடத் தெரியாதவள்...

அடியில் ஓர் எண்

இடுப்பு சரியானதும், மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அங்கே ஒரு பயிற்சியாளர் தம்பி இருக்கிறார். சின்னப் பையனாக இருந்தபோது மற்றவர்களுக்குப் பை தூக்க வந்து, பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றுக்கொண்டவர். நான் இரண்டு பந்து அடித்ததைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

“அம்மா, அந்த ட்ரைவரைக் கொஞ்சம் குடுங்க” என்று வாங்கி, தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். “இது யாருதுங்கம்மா?”

“எங்க வீட்டுக்காரரோடது.”

“அதானே! ஒன்பது டிகிரிங்க. தண்டும் இரும்புக் கம்பி மாதிரி விறைப்பு. இதை வெச்சுட்டு நீங்க தினம் மல்லுக்கட்டறீங்க!”

தன் பையிலிருந்து வேறு ஒரு மட்டையை எடுத்துக் கொடுத்தார். ட்ரைவரைவிடக் குட்டை. 3 வுட் என்று பெயர். “பந்தைத் தூக்கணும்னு நினைக்கவே வேண்டாம். சாதாரணமா வீசுங்க, போதும்” என்றார். வீசினேன். பந்து மெள்ள எழும்பி, ஆகாயத்தில் மிதந்து, நூறு கஜத்தைத் தாண்டி இறங்கியது. சகோதரிகளே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூணு மாசமாக என்னையே திட்டிக்கொண்டிருந்தேனே!

லாஃப்ட் என்றால் என்ன?

மட்டையின் முகம் செங்குத்தாக நிற்காமல் எவ்வளவு பின்னுக்குச் சாய்ந்திருக்கிறது என்பதுதான் லாஃப்ட். தோசைத் திருப்பியை நேராக நிமிர்த்திப் பிடித்துத் தள்ளினால் தோசை முன்னால் நகரும். கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தால்தான் மேலே எழும்பி வரும். அதே கதைதான். நான் அடித்த 3 வுட்டுக்குச் சுமார் 15 டிகிரி சாய்வு. என் கையிலிருந்த ட்ரைவருக்கு 9.

‘அப்படியானால் குறைந்த சாய்வு எதற்கு?’ என்று கேட்பீர்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடும்போது தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். குழாயைத் தாழ்த்திப் பிடித்தாலே கடைசிச் செடி வரைக்கும் போகும். கரண்டு போய், மேல்தொட்டித் தண்ணீர் மட்டும் வந்தால்? வேகம் குறைவு. அதே செடியை எட்ட வேண்டுமானால் குழாயின் வாயைத் தூக்கித்தான் பிடிக்க வேண்டும். அதற்காக ஆகாயத்தைப் பார்த்துப் பிடித்தால் நம் தலையிலேயே விழும். கைவேகம் அதிகம் உள்ளவர்களுக்குக் குறைந்த லாஃப்ட், நிதானமாக வீசுகிறவர்களுக்குக் கூடுதல் லாஃப்ட் என்பதன் காரணம் இதுதான்.

இன்னொரு காரியமும் நடக்கிறது. சாய்ந்த முகம் பந்தைப் பின்பக்கமாகச் சுழல வைக்கிறது. அந்தச் சுழற்சிதான் பந்தை ஆகாயத்தில் தாங்கிப் பிடிக்கிறது. மெதுவாகப் போகிற பந்துக்கு இந்தத் தாங்கல் மிகவும் தேவை. அளவுக்கு மிஞ்சினாலோ பந்து பட்டம் மாதிரி மேலேயே போய்ச் சொத்தென்று விழுந்துவிடும். லாஃப்ட் கூடினால் பந்து பக்கவாட்டில் வளைந்து ஓடுவதும் கொஞ்சம் குறையும். புதிதாக ஆடுகிறவர்களுக்கு இது பெரிய லாபம்.

அமெரிக்காவில் தொழில்முறையாக ஆடும் ஆண்களின் மட்டை வேகம் சராசரியாக மணிக்கு 113 மைல் என்று ஒரு சமயம் கருவியால் அளந்தார்கள். பெண்களுக்கு 94 மைல். ஆண்கள் அடிக்கும் பந்து சுமார் 11 டிகிரி கோணத்தில் கிளம்புகிறது. பெண்கள் அடிப்பது 13 டிகிரியில். உலகத்தின் தலைசிறந்த பெண்களே பந்தை உயரமாகக் கிளப்பித்தான் தூரம் காண்கிறார்கள். அறுபத்தைந்து மைல் வேகத்தில் வீசும் நான், ஓர் ஆண்பிள்ளையின் ஒன்பது டிகிரி மட்டையோடு போராடினால் எப்படி?

உங்களுக்கு எது பொருந்தும்?

நீங்களோ, உங்கள் வீட்டில் யாரோ இந்த ஆட்டம் ஆடுவதாக இருந்தால், இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இது ஆரம்பக் கணக்குத்தான். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

• பந்து ஆகாயத்தில் 150 கஜத்துக்கும் குறைவாகப் பறக்கிறதா? மட்டை வேகம் 70 மைல் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கும். 13 டிகிரிக்குக் குறையாமல் பாருங்கள். 14, 15-ம் தவறில்லை.

• 180 கஜம் பறந்தால் வேகம் சுமார் 80 மைல். 12 டிகிரியில் தொடங்கலாம்.

• 200 கஜத்தைத் தாண்டினால் 90 மைல் அளவு. பத்தரை, பதினொன்று.

• 100 மைலுக்கு மேல் வீசும் இளவட்டங்களுக்குத்தான் ஒன்பதும் பத்தும்.

பறக்கும் தூரத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். உருண்டு போவதைச் சேர்க்காதீர்கள். கோடையில் தரை காய்ந்து கிடக்கும்போது மட்டமாகப் போன பந்தும் உருண்டோடி நம்மை ஏமாற்றும். ஐப்பசி மழையில் நனைந்த புல்லில் விழுந்தால் அங்கேயே நின்றுவிடும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஏழாயிரம் அடி உயரத்தில் காற்று லேசு. அங்கே பந்து தானாகவே நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடப் போகும். மலையில் அடித்துப் பார்த்து மட்டை வாங்காதீர்கள்.

கருவி எதுவும் இல்லாமல் சோதிக்க, அந்தத் தம்பி சொன்ன வழி இது. குச்சியின் மேல் பந்தை வைத்து ட்ரைவரால் பத்து, 3 வுட்டால் பத்து அடியுங்கள். 3 வுட் பந்து அதிக தூரம் பறந்தால் உங்கள் ட்ரைவருக்கு லாஃப்ட் போதவில்லை. பந்து நெட்டுக்குத்தாக ஏறி, உருளாமல் விழுந்தால் லாஃப்ட் அதிகம். முன்பின் தெரியாத மட்டையைப் பெயரைப் பார்த்து வாங்காமல், கடையிலோ பயிற்சித் திடலிலோ அடித்துப் பார்த்து வாங்குங்கள். அடியில் அச்சிட்ட எண்ணுக்கும் உண்மைச் சாய்வுக்கும் ஒரு டிகிரி வரை வித்தியாசம் இருப்பதுண்டு. பெண்களுக்கானது என்றால் நீளமும் கொஞ்சம் குறைவு, சுமார் 44 அங்குலம். தண்டும் வளைந்து கொடுக்கும்.

இப்போது வரும் பல ட்ரைவர்களில், கழுத்தைச் சின்னச் சாவியால் கழற்றித் திருப்பி லாஃப்டை ஒன்றிரண்டு டிகிரி கூட்டிக் குறைக்கலாம். ஆனால் ஒன்று. லாஃப்டைக் கூட்டினால், வலக்கைக்காரருக்கு மட்டையின் முகம் பெரும்பாலும் கொஞ்சம் இடது பக்கம் திரும்பிக்கொள்ளும். பந்து எப்போதும் வலப்பக்கம் ஓடுகிறவர்களுக்கு இது நல்லதுதான். மற்றவர்கள் கவனிக்க வேண்டும்.

நான் யாரோ ஒரு அம்மாள் ஆடி வைத்த 14 டிகிரி மட்டையைப் பாதி விலைக்கு வாங்கினேன். ஒரே மாசத்தில் நூற்றிருபது கஜம். முக்கியமாக, இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. பந்தைத் தூக்கும் வேலையை மட்டையே பார்த்துக்கொள்கிறதே, நான் எதற்கு வளைய வேண்டும்?

கிணற்றுக்கு ஏற்ற பம்பு

கதை இதோடு முடியவில்லை. என் வீட்டுக்காரருக்கு வயது அறுபத்து மூன்று. பட்டறையைப் பையனிடம் ஒப்படைத்து ஒரு வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் 220 கஜம் பறக்க அடித்தவர், 180-க்கு வந்துவிட்டார். கூட ஆடுகிறவர்கள் தாண்டிப் போகப் போக, இவர் இன்னும் ஓங்கி அடிப்பார். தோள்பட்டை வலி. ராத்திரியில் தைலம் தேய்க்கச் சொல்லி முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருவார். ஒரு நாள் தைலம் தேய்க்கும்போதே, “இந்த மாசத்தோட விட்டுடலாம்னு பார்க்கறேன். பட்டறையும் போச்சு, இதுவும் போகட்டும். வயசாயிடுச்சு” என்றார்.

எனக்குப் பகீரென்றது. ஆட்டம் போனால் போகட்டும். அந்த மனுஷர் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்திருக்க இருக்கிற ஒரே காரணமும் போய்விடுமே!

“என்னங்க, உங்க ட்ரைவர் எத்தனை டிகிரி?” என்றேன் மெள்ள.

“ஒன்பது. எப்பவும் ஒன்பதுதான்.”

“பன்னண்டு வெச்சுப் பாருங்களேன்.”

“அதெல்லாம் பொம்பளைங்களுக்கு!” என்று சொல்லிவிட்டு, யாரிடம் சொல்கிறோம் என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இந்தப் பேச்சு புதுசும் இல்லை. ஸ்காட்லாந்தில் பெண்களுக்கென்று 1867-ல் சங்கம் ஏற்பட்டபோதே, குழிக்குப் பக்கத்தில் மெள்ளத் தட்டி ஆடும் ஆட்டம்தான் அவர்களுக்கு. 1890-ல் வந்த ஒரு நூலிலோ, பெண்கள் எழுபது எண்பது கஜத்துக்கு மேல் அடிக்க வேண்டாம், கையைத் தோளுக்கு மேலே தூக்குவது அழகாக இராது என்று ஒரு பிரபு எழுதி வைத்தார். பிரபுவுக்கு இல்லாத கவலை!

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் பட்டறையில் முப்பது வருஷமாகக் கேட்ட வசனம் ஒன்று இருக்கிறது. ‘மோட்டார் தண்ணி எடுக்க மாட்டேங்குது’ என்று யார் வந்தாலும், “மோட்டார் மேல குத்தமில்லைங்க, கிணறு மேலயும் குத்தமில்லைங்க. இந்தக் கிணத்துக்கு இந்தப் பம்பு பொருந்தலைங்க” என்பார்.

“ஏங்க, தண்ணி மட்டம் இறங்கிப் போன கிணத்துக்குப் பழைய பம்பையே போட்டு, ‘இன்னும் வேகமா ஓடு’ன்னு சொல்லுவீங்களா? காயில் எரிஞ்சு போகாதா?” என்று கேட்டேன்.

பதில் இல்லை. தைலப் பாட்டிலை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, நான் பார்க்காத சமயம் பார்த்து, பயிற்சியாளர் தம்பியிடம் 12 டிகிரி மட்டை இரவல் வாங்கி அடித்துப் பார்த்திருக்கிறார். அந்தத் தம்பி வந்து சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்லிவிட்டது! ஓங்காமல், நிதானமாக அடித்தே 190 கஜம் பறந்ததாம். பத்து கஜம் பெரிசில்லை. ராத்திரி தைலம் கேட்கவில்லை பாருங்கள், அதுதான் பெரிசு. இப்போது அவரிடம் சொந்தமாகவே 12 இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: அடித்த மறு நிமிஷம் மட்டைக்கு உறை போட்டு மூடிவிடுவார். அடியிலிருக்கும் எண்ணை நண்பர்கள் பார்த்துவிடக் கூடாதாம்! இருக்கட்டும். ஆண்பிள்ளை மனசுக்கும் ஓர் உறை வேண்டியிருக்கிறது.

தூரம்தான் எல்லாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் நாலாவதாக வந்தார். பதக்கத்துக்கு ஒரே ஓர் அடிதான் குறை. ரொம்பத் தூரம் அடிக்கிறவர் என்று அவருக்குப் பெயர் கிடையாது. குழிக்குப் பக்கத்தில் காட்டும் நிதானத்தால்தான் அங்கே வரை வந்தார். அவருக்குப் பை தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர் யார் தெரியுமா? அவருடைய அம்மா! தொலைக்காட்சியில் அதைப் பார்த்த அன்று எனக்குச் சமையலே ஓடவில்லை.

உடம்புக்குச் சில வார்த்தைகள்

ஆடுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் நடந்து, இடுப்பையும் தோளையும் மெள்ளச் சுழற்றிக்கொள்ளுங்கள். வந்ததும் வராததுமாக ட்ரைவரை எடுக்காமல் சின்ன மட்டையில் தொடங்குங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பையில் சர்க்கரை மிட்டாய் இருக்கட்டும். தண்ணீர், தொப்பி கட்டாயம். முதுகு வலியோ நெஞ்சு வலியோ முன்பே உண்டென்றால் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

நம்மில் பலர் கோல்ஃப் மைதானத்தை வேலிக்கு வெளியே இருந்துகூடப் பார்த்திருக்க மாட்டோம். ஆனாலும் இதை எழுதத் தோன்றியது ஏன் தெரியுமா? மட்டையை மாற்றிக்கொண்டு வந்த அன்று சாயங்காலம், அடுப்படி மேடை முன்னால் நின்று காய் நறுக்கினேன். தோள்பட்டை கடுத்தது. இருபத்தைந்து வருஷமாகக் கடுக்கிறது. ‘எனக்கு உடம்பு வணக்கமில்லை’ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முதல் தடவையாக அளவு நாடாவை எடுத்து மேடையின் உயரத்தை அளந்தேன். என் முழங்கை உயரத்துக்கு மேலே நின்றது! வீடு கட்டும்போது உயரம் சொன்னது ஐந்தே முக்கால் அடி உயரக் கொத்தனார். நான் ஐந்தடி. மேடையை இடிக்க முடியாது. காய் நறுக்க மட்டும் உயரம் குறைந்த பலகை மேஜை ஒன்று செய்து போட்டுக்கொண்டேன்.

அடுத்த தடவை ஏதாவது ஒன்று வரவில்லை, முடியவில்லை என்று உங்களையே நொந்துகொள்ளும் முன், கையிலிருக்கும் சாமானைத் தலைகீழாகத் திருப்பி அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். அது உங்களுக்காகச் செய்ததுதானா?

உங்கள் வீட்டில் எந்தக் கூடம் கோணல் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் பேசுவோம்.